தினசரி வேத வாசிப்பு: புதிதாகத் தொடங்குகிறவர்கள் திட்டத்தைத் தெரிவுசெய்வது எப்படி

தினமும் வேதம் வாசிக்க வேண்டும் என்ற எண்ணம் வந்ததும் பெரும்பாலானோர் முதலில் தேடுவது ஓர் அட்டவணையைத்தான். யாராவது வாட்ஸ்அப்பில் ஒரு வருடத் திட்டத்தை அனுப்பியிருப்பார்கள். ஜனவரி முதலாம் திகதி ஆதியாகமம் முதலாம் அதிகாரத்தில் தொடக்கம். புது விசுவாசிகளோடும், பல வருடம் விட்டுவிட்டு மறுபடி தொடங்குகிறவர்களோடும் உட்கார்ந்து வாசிக்கிறவன் என்ற முறையில் நான் சொல்லும் ஒழுங்கு வேறு. முதலில் நேரம், அடுத்தது அளவு, பிறகு கூட வாசிக்க ஒரு ஆள். கடைசியாகத்தான் அட்டவணை. முதல் மூன்றும் அமைந்துவிட்டால் எந்தத் திட்டமும் ஓடும். அமையாவிட்டால் அருமையான திட்டமும் பெப்ரவரியைத் தாண்டாது.

நேரத்தைப் பிடியுங்கள்

இந்தக் கிழமை முழுவதும் உங்கள் நாள் எப்படிப் போகிறது என்று பாருங்கள். எந்த நேரத்தில் பத்து, பதினைந்து நிமிடம் யாரும் உங்களைக் கூப்பிடுவதில்லை? அதுதான் உங்கள் வாசிப்பு நேரம். விடிய ஐந்து மணிக்கு எழும்பி வாசிப்பதை நம் சபைகளில் உயர்வாகச் சொல்வார்கள். நல்ல நேரம்தான், முடிந்தவர்கள் செய்யட்டும். ஆனால் இரவுக் கடமை முடிந்து காலை எட்டு மணிக்கு வீடு வருகிற தாதிக்கு அது சரிவராது. பிள்ளைகளைப் பாடசாலை வானில் ஏற்றிவிடும் வரை மூச்சுவிட நேரமில்லாத அம்மாவுக்கும் சரிவராது. அப்படிப்பட்டவர்கள் மணிக்கூட்டைப் பார்ப்பதை விட்டு, தினமும் நடக்கிற ஒரு காரியத்தோடு வாசிப்பைச் சேர்த்துக்கொள்ளலாம். வான் போனதும், முதல் தேத்தண்ணியோடு, கடமை முடிந்து குளித்துவிட்டு வந்ததும், இப்படி ஏதாவது ஒன்று.

பயண நேரமும் கைகொடுக்கும். மட்டக்குளியில் 155 பஸ் ஏறுகிறவருக்கு அது தொடங்கும் இடம் என்பதால் இருக்க இடம் கிடைக்கும், புத்தகத்தையோ போனையோ விரிக்கலாம். வெள்ளவத்தையில் காலை ரயில் பிடித்துக் கோட்டைக்குப் போகிறவருக்கு நிற்க இடம் கிடைப்பதே பாடு. அவருக்கு ஒலி வேதாகமம்தான் பொருத்தம். காதால் கேட்பதைத் தரம் குறைந்த வாசிப்பு என்று நினைக்காதீர்கள். பவுலின் கடிதங்கள் சபையில் உரக்க வாசிக்கப்படுவதற்கென்று அனுப்பப்பட்டவை. கொலோசெயர் 4:16-இலும் 1 தெசலோனிக்கேயர் 5:27-இலும் அவரே அப்படிக் கேட்டுக்கொள்கிறார். முதல் நூற்றாண்டு விசுவாசிகளில் பெரும்பாலோர் வேதத்தைக் காதால் கேட்டவர்களே.

ஒன்றைக் கவனியுங்கள். பயணத்தை மட்டும் நம்பினால் சனி, ஞாயிறில் வாசிப்பு நின்றுவிடும். அந்த இரண்டு நாளுக்கும் வேறொரு நேரத்தை இப்போதே குறித்துவையுங்கள்.

பிறகு அளவு

புரொட்டஸ்தாந்து வேதாகமத்தில் 66 புத்தகங்கள், 1,189 அதிகாரங்கள். பழைய ஏற்பாட்டில் 929, புதிய ஏற்பாட்டில் 260. திங்கள் முதல் சனி வரை நாளுக்கு மூன்று அதிகாரமும் ஞாயிறில் ஐந்தும் வாசித்தால் ஒரு வருடத்தில் முழு வேதமும் முடியும். புதிய ஏற்பாடு மட்டும் என்றால் கிழமைக்கு ஐந்து நாள், நாளுக்கு ஒரு அதிகாரம். 52 கிழமையில் சரியாக 260.

கணக்கு இவ்வளவு அழகாக இருந்தாலும் அதிகாரங்கள் ஒரே அளவானவை அல்ல. 117-ஆம் சங்கீதத்தில் இரண்டே வசனங்கள், 119-இல் 176. லூக்கா முதலாம் அதிகாரம் 80 வசனம் ஓடும். சாதாரண நீளமுள்ள ஒரு அதிகாரத்தை நிதானமாக வாசிக்க ஐந்து நிமிடம் எடுக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாசித்ததை யோசிக்கவும் ஜெபிக்கவும் இன்னொரு ஐந்து. அப்படியென்றால் பதினைந்து நிமிடம் உள்ளவருக்கு நாளுக்கு ஒரு அதிகாரம் தாராளமாகப் போதும். மூன்று அதிகாரத்தை அந்த நேரத்துக்குள் அடைத்தால் கண் ஓடும், மனம் நிற்காது.

"நாளுக்கு ஒரு அதிகாரம் குறைவு இல்லையா?" என்று புதியவர்கள் கேட்பார்கள். இல்லை. ஒரு அதிகாரத்தை வருடம் முழுவதும் விடாமல் வாசித்தால் புதிய ஏற்பாடு முழுவதும் முடிந்து, பழைய ஏற்பாட்டில் நூறு அதிகாரமும் முடிந்திருக்கும்.

கூட வாசிக்க யாரையாவது தேடுங்கள்

இதை அட்டவணைக்கு முன் வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. உலகம் முழுவதும் பரவிய வாசிப்புத் திட்டங்களில் இரண்டு, ஒன்றாக வாசிக்க வேண்டும் என்ற ஆசையில் பிறந்தவை. ஸ்கொட்லாந்தின் டண்டி நகரில் போதகராக இருந்த ராபர்ட் மர்ரே மெக்செயின் 1842-ஆம் ஆண்டு முடிவில் தன் சபைக்காக ஒரு வருட அட்டவணை எழுதினார். சபையார் எல்லோரும் ஒரே நாளில் ஒரே பகுதியை வாசித்தால், தன் மந்தை எந்த இடத்தில் மேய்கிறது என்று மேய்ப்பனுக்குத் தெரியும் என்பது அவர் சொன்ன காரணங்களில் ஒன்று. சில மாதங்களில், 29 வயதில், அவர் இறந்துபோனார். அட்டவணை இன்றும் வாசிக்கப்படுகிறது. அடுத்தது ஸ்கிரிப்சர் யூனியன் என்ற கிறிஸ்தவ இயக்கத்தின் வாசிப்பு. இங்கிலாந்தில் ஆனி மார்ஸ்டன் என்ற ஞாயிறு பாடசாலை ஆசிரியை, தன் வகுப்புப் பிள்ளைகளும் தானும் ஒரே பகுதியை வாசிப்பதற்காகக் கையால் எழுதிக் கொடுத்த பட்டியல்களே அதன் தொடக்கம். 1879-இல் அது அச்சடித்த அட்டையாக வந்தது.

ஆகவே உங்கள் சபை ஏற்கெனவே ஏதாவது ஒரு வாசிப்பைப் பின்பற்றுகிறதா என்று முதலில் போதகரிடமோ குருவானவரிடமோ கேளுங்கள். இருந்தால், வேறு எதையும் தேடாமல் அதில் சேர்ந்துகொள்ளுங்கள். அது ஆகச் சிறந்த திட்டமாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை. விளங்காத இடத்தைக் கேட்க ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஆள் இருக்கும்.

சபையில் இல்லையென்றால் இரண்டு, மூன்று பேர் போதும். அக்கா, கந்தோர் நண்பர், பக்கத்து பிளாட் ஆன்ட்டி, யாராக இருந்தாலும் சரி. ஒரு சிறிய வாட்ஸ்அப் குழு தொடங்கி, அன்றைய பகுதியில் மனதில் நின்ற ஒரு வசனத்தையும் சொந்தமாக ஒரு வரியையும் ஒவ்வொருவரும் அனுப்பலாம். எங்கிருந்தோ வந்த படங்களையும் பிரசங்க வீடியோக்களையும் அந்தக் குழுவுக்குள் விடாதீர்கள். அவை வரத் தொடங்கினால் உங்கள் சொந்த வரிகள் நின்றுவிடும்.

முதல் முப்பது நாள்

வேதாகமத்தோடு இதுவரை பழக்கமே இல்லாதவர்களுக்கு நான் கொடுப்பது முப்பது நாள் வாசிப்பு. மாற்கு 16 அதிகாரம், பிலிப்பியர் 4, யாக்கோபு 5, அதன்பிறகு ஐந்து சங்கீதங்கள்: 1, 23, 51, 121, 139. நாளுக்கு ஒன்று. எந்தத் திகதியிலும் தொடங்கலாம், ஜனவரி வரும் வரை காத்திருக்கத் தேவையில்லை.

ஏன் இவை? நான்கு சுவிசேஷங்களில் மாற்கு தான் சின்னது. இயேசு என்ன செய்தார் என்பதை நிற்காமல் சொல்லிக்கொண்டு போகும். மத்தேயுவும் அருமையான சுவிசேஷம், ஆனால் அது ஒரு வம்ச வரலாற்றோடு தொடங்குகிறது. ஆபிரகாமையும் தாவீதையும் இன்னும் சந்திக்காத ஒருவருக்கு முதல் நாளே அவ்வளவு பெயர்கள் பாரமாக இருக்கும். பிலிப்பியர் சிறையிலிருந்து எழுதப்பட்ட கடிதம், ஆனால் சந்தோஷம் நிறைந்தது. யாக்கோபு நாக்கையும் காசையும் பாரபட்சத்தையும் பற்றி நேரடியாகப் பேசுகிறவர், விளக்கம் அதிகம் தேவைப்படாது. ஐந்து சங்கீதங்களும் ஐந்து விதம்: ஒன்று வழியைக் காட்டுவது, ஒன்று நம்பிக்கை, ஒன்று மனம் திரும்புதல், ஒன்று பயணப் பாட்டு, ஒன்று தேவன் நம்மை எவ்வளவு அறிந்திருக்கிறார் என்பது. ஜெபிக்கத் தெரியாது என்று சொல்கிறவர்கள் அவற்றை அப்படியே வாசித்து ஜெபிக்கலாம். உங்கள் போதகர் யோவானில் தொடங்கச் சொன்னால் அப்படியே செய்யுங்கள். 21 அதிகாரம், மூன்று கிழமை.

சைவக் குடும்பத்திலிருந்து வந்து வாசிக்கத் தொடங்குகிறவர்கள் கொழும்பில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தனியாக இரண்டு விஷயம். பரிசேயர், சதுசேயர், ஓய்வுநாள், பஸ்கா போன்ற சொற்கள் வந்தால் பயப்படாமல் ஒரு கொப்பியில் குறித்துக்கொண்டு மேலே போங்கள். பாதிக்கு மேல் போகப்போக விளங்கிவிடும், மீதியை ஞாயிறில் கேட்கலாம். மற்றது, வீட்டில் உள்ளவர்கள் இதை இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை என்றால் அவர்கள் மனம் நோகும்படி எதுவும் செய்யவேண்டாம். போனிலோ சிறிய புதிய ஏற்பாட்டிலோ அமைதியாக வாசியுங்கள். வீட்டில் உங்கள் அன்பு கூடியிருக்கிறது என்று அவர்கள் காண்பது, மேசையில் வேதாகமம் இருப்பதைக் காண்பதைவிட முக்கியம்.

பெரிய திட்டங்களில் எது யாருக்கு

முப்பது நாள் முடித்தவர்களுக்கும், சிறு வயது முதல் சபையில் வளர்ந்தவர்களுக்கும் அடுத்த கேள்வி இது.

ஆதியாகமம் முதல் வெளிப்படுத்தல் வரை நேராக வாசிப்பது எல்லோருக்கும் முதலில் தோன்றுவது. இதன் சிக்கல் எங்கே வரும் என்று கணக்கே காட்டும். ஆதியாகமம் 50, யாத்திராகமம் 40, மொத்தம் 90. நாளுக்கு மூன்று என்றால் ஜனவரி 30-இல் அவை முடிந்து, மறுநாள் லேவியராகமம் தொடங்கும். பலிகள், தொழுநோய்ச் சட்டங்கள், அதன்பிறகு எண்ணாகமத்தில் கோத்திரங்களின் தொகை. பெப்ரவரி மாதத்தின் பெரும்பகுதி இவற்றில்தான் போகும். துணை இல்லாமல் தனியாக வாசிக்கிறவர்கள் இங்கேதான் தளர்ந்து நிற்கிறார்கள். இவை தேவையில்லாத பகுதிகள் என்று நான் சொல்லவில்லை. எபிரெயர் நிருபத்தை வாசித்து முடித்தபின் லேவியராகமத்துக்குப் போனால், பிரதான ஆசாரியனும் இரத்தமும் திரையும் ஏன் அங்கே இருக்கின்றன என்று விளங்கும். ஆகவே முதல் வருடத்தில் நேர் வரிசையை நான் யாருக்கும் சொல்வதில்லை.

மெக்செயின் அட்டவணையில் நாளுக்கு நான்கு இடங்களில் வாசிப்பு. முதல் நாளே ஆதியாகமம், மத்தேயு, எஸ்றா, அப்போஸ்தலர் நான்கிலும் முதலாம் அதிகாரம். ஒரு வருடத்தில் பழைய ஏற்பாடு ஒரு தடவையும் புதிய ஏற்பாடும் சங்கீதங்களும் இரண்டு தடவையும் முடியும். இரண்டு பகுதிகள் குடும்பமாக, இரண்டு தனியாக என்பது அவருடைய எண்ணம். ஓய்வு பெற்றவர்களுக்கும் குடும்ப ஜெபம் தவறாத வீடுகளுக்கும் இது மிக நன்றாகப் பொருந்தும். வேலைக்குப் போகிறவர்கள் இரண்டு பகுதியை மட்டும் எடுத்து இரண்டு வருடத்தில் முடிக்கலாம், அதில் குறை ஒன்றுமில்லை. அந்த மனிதரே தன் அட்டவணையோடு எச்சரிக்கைகளையும் எழுதிவைத்தார்: இது வெறும் சம்பிரதாயமாகிவிடலாம், வாசித்து முடித்தேன் என்ற பெருமை வரலாம், சிலருக்குச் சுமக்க முடியாத நுகமாகிவிடலாம் என்று. அட்டவணையைப் போலவே அந்த எச்சரிக்கைகளையும் நான் மதிக்கிறேன்.

காலவரிசைத் திட்டம் சம்பவங்கள் நடந்த ஒழுங்கில் புத்தகங்களைக் கலந்து தரும். தாவீதின் பாவத்தைச் சொல்லும் 2 சாமுவேல் 12-ஐ வாசித்த கையோடு 51-ஆம் சங்கீதம், எஸ்றாவின் நடுவில் ஆகாயும் சகரியாவும். சபையில் பல வருடம் இருந்தும் தீர்க்கதரிசிகள் எந்த ராஜாவின் காலத்தில் பேசினார்கள் என்று பிடிபடாதவர்களுக்கு இது ஒரு வரம். ஒரு குறை, வருடத்தின் கடைசி மூன்று மாதம் வரும்வரை சுவிசேஷத்தைத் தொடமாட்டீர்கள். அதனால் புதியவர்களுக்கு வேண்டாம்.

அங்கிலிக்கன், மெதடிஸ்த சபைகளில் உள்ளவர்கள் ஞாயிறு வாசிப்பு அட்டவணையைக் கேட்டுப் பாருங்கள். 1992-இல் வெளியாகி இன்று பல நாட்டுச் சபைகள் பயன்படுத்தும் பொது அட்டவணை மூன்று வருடச் சுற்று. முதல் வருடம் மத்தேயு, அடுத்தது மாற்கு, மூன்றாவது லூக்கா, யோவான் மூன்றிலும் பரவி வரும். ஞாயிறுப் பகுதியைக் கிழமை நாட்களில் முன்கூட்டியே வாசித்துவிட்டுப் போனால் பிரசங்கம் காதில் விழும் விதமே மாறும். அங்கிலிக்கன் ஜெபப் புத்தகத்தில் 150 சங்கீதங்களையும் காலை மாலை என்று பிரித்து 30 நாளில் முடிக்கும் பழைய ஒழுங்கும் உண்டு. துக்கத்தில் இருப்பவர்களுக்கும் நீண்ட நாள் நோயாளிக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கும் நான் அதையே சொல்வேன்.

கத்தோலிக்கர்களுக்குத் தேடவே தேவையில்லை. அன்றன்றைய திருப்பலி வாசகங்களே திட்டம்: முதல் வாசகம், பதிலுரைப் பாடல், நற்செய்தி. கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருத்தலத்திலோ கொட்டாஞ்சேனை புனித லூசியா பேராலயத்திலோ வார நாள் பூசைக்குப் போகிறவர் காலையில் வீட்டில் வாசித்த அதே பகுதியை அங்கே கேட்பார். பொதுக்காலத்து, அதாவது தவக்காலம் போன்ற சிறப்புக் காலங்கள் அல்லாத, வார நாட்களில் ஒவ்வொரு வருடமும் மாற்கு, மத்தேயு, லூக்கா என்ற வரிசையில் நற்செய்தி வரும். முதல் வாசகம் மட்டும் இரண்டு வருடச் சுற்று, ஒற்றைப்படை ஆண்டுக்கு ஒன்று, இரட்டைப்படை ஆண்டுக்கு ஒன்று. வாசகங்களில் முழு விவிலியமும் வராது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். முழுவதையும் வாசிக்க விரும்பினால் 66 புத்தகத் திட்டத்தை எடுக்காதீர்கள். திருவிவிலியத்தில் 73 நூல்கள். தோபித்து, யூதித்து, மக்கபேயர், சாலமோனின் ஞானம், சீராக்கின் ஞானம், பாரூக்கு எல்லாம் அந்தத் திட்டங்களில் விடுபட்டிருக்கும்.

எந்த மொழிபெயர்ப்பு, எந்த மொழி

நம் புரொட்டஸ்தாந்து சபைகளில் வாசிக்கப்படுவது பெரும்பாலும் பழைய திருப்புதல் என்று சொல்லப்படும் பழைய மொழிபெயர்ப்பு. மனப்பாட வசனங்கள், பாட்டுகள், பிரசங்கங்கள் எல்லாம் அதன் நடையிலேயே இருப்பதால் சபையில் வளர்ந்தவர்களுக்கு அதுவே இனிக்கும். புதிதாக வருகிறவர்களுக்கு அதன் நீண்ட வாக்கியங்கள் கஷ்டம் தரலாம். கத்தோலிக்கரும் புரொட்டஸ்தாந்தரும் சேர்ந்து செய்து 1995-இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு இன்றைய தமிழில் உள்ளது. தினசரி வாசிப்புக்கு அதையோ வேறொரு இலகு தமிழ்ப் பதிப்பையோ வைத்துக்கொண்டு, மனப்பாடத்துக்குப் பழையதை வைத்துக்கொள்ளலாம். 1812-இல் தொடங்கிய இலங்கை வேதாகமச் சங்கத்தின் நிலையம் கொள்ளுப்பிட்டியில் காலி வீதியில் இருக்கிறது. அங்கே போய்ப் புரட்டிப் பார்த்து வாங்குங்கள். எழுத்தின் அளவை முக்கியமாகப் பாருங்கள். இரவு விளக்கில் வாசிக்கப்போகிற அம்மம்மாவுக்குக் கைக்கடக்கமான பதிப்பை வாங்கிக் கொடுக்காதீர்கள்.

கொழும்பில் இன்னொரு விஷயம் உண்டு. வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைகள் பலர் ஆங்கில மீடியத்தில் படிப்பதால் தமிழை வேகமாக வாசிக்க முடியாமல் இருக்கிறார்கள். சில வீடுகளில் மருமகளுக்குச் சிங்களம்தான் வசதி. இதற்காகக் குடும்ப வாசிப்பைக் கைவிட வேண்டாம். புத்தகம், அதிகாரம், வசனம் என்ற ஒழுங்கு மூன்று மொழியிலும் இருப்பதால் ஒரே திட்டத்தை எல்லோரும் பின்பற்றலாம். யூவெர்ஷன் போன்ற செயலிகளில் மூன்று மொழியும் இலவசமாகவே கிடைக்கின்றன. ஒருவர் தமிழில் உரக்க வாசிக்க, மற்றவர் தன் மொழியில் பின்தொடரட்டும். பிள்ளைக்கு நாளுக்கு இரண்டு வசனம் தமிழில் வாசிக்கக் கொடுங்கள். திக்கினாலும் திருத்திக்கொண்டே இருக்காதீர்கள். அந்தப் பிள்ளை தன் சபையின் மொழியில் வேதத்தைக் கேட்டு வளர்வது பெரிய சொத்து.

வாசிக்கும்போது

போனில் வாசித்தால் முதலில் டேட்டாவை நிறுத்துங்கள். சிறிய ஜெபம். பகுதியை ஒரு தடவை முழுவதும், பிறகு மனம் நின்ற இடத்தை மறுபடி மெதுவாக. இது தேவனைப் பற்றி என்ன சொல்கிறது, என்னிடம் என்ன கேட்கிறது என்று இரண்டே கேள்வி. பதிலைக் கொப்பியில் திகதியோடு ஒரு வரியாக எழுதுங்கள். சில நாள் ஒன்றும் தோன்றாது. அன்றைக்குத் திகதியையும் அதிகாரத்தையும் மட்டும் எழுதினால் போதும்.

தவறிய நாட்கள்

தவறும். காய்ச்சல், பரீட்சை, ஊரிலிருந்து வந்த சொந்தக்காரர், ஏதாவது வரும். நாளுக்கு மூன்று அதிகாரம் வாசிக்கிறவர் நான்கு நாள் தவறினால் பன்னிரண்டு அதிகாரத்தை ஒரே இரவில் வாசித்து ஈடுகட்டப் பார்க்காதீர்கள். இன்றைய பகுதியை இன்று வாசியுங்கள், விட்டதை ஒரு பக்கத்தில் குறித்துவையுங்கள். அதற்கென்று ஒரு நாள் நமக்கு வாய்த்திருக்கிறது. இலங்கையில் மாதத்துக்கு ஒரு போயா (பௌர்ணமி) விடுமுறை வருகிறதே, அந்தக் காலையை விட்டுப்போன பகுதிகளுக்கு என்று ஒதுக்குங்கள். கலண்டரில் இப்போதே வட்டமிட்டால் வருடத்துக்குப் பன்னிரண்டு நாளாவது கிடைக்கும். ஒன்றும் விட்டுப்போகவில்லை என்றால் அன்றைக்கு ரூத்தையோ யோனாவையோ ஒரே இருப்பில் வாசித்துவிடலாம், இரண்டுக்கும் நான்கு நான்கு அதிகாரம்தான்.

ஒரு மாதத்தில் பாதி நாளுக்கு மேல் தவறியிருந்தால் உங்களைக் குறை சொல்லிக்கொள்வதை விட்டுவிட்டு நேரத்தையோ அளவையோ மாற்றுங்கள். பெரும்பாலும் நேரம்தான் பிழைத்திருக்கும்.

முப்பதாம் நாளில்

கொப்பியை முதலிலிருந்து புரட்டுங்கள். சுவிசேஷத்தில் உங்கள் வரிகள் நீண்டிருந்தால் அடுத்து லூக்காவையும் அப்போஸ்தலரையும் சேர்த்து எடுங்கள். ஒரே ஆசிரியர், 52 அதிகாரம், இரண்டு மாதத்துக்குள் முடியும். சங்கீதங்களில் நீண்டிருந்தால் காலையில் ஒரு சங்கீதம், மாலையில் ஆதியாகமத்தில் ஒரு அதிகாரம். கேள்விகளே அதிகம் இருந்தால் அந்தப் பக்கங்களோடு போதகரையோ பாதரையோ சந்தித்து, அவர் சொல்வதைக் கேட்டபிறகு தெரிவுசெய்யுங்கள். எதை எடுத்தாலும் முதல் கிழமைக்கான பகுதிகளை இன்றைக்கே எழுதி, கூட வாசிக்கிறவருக்கும் அனுப்பிவிடுங்கள்.